மலையிலிருந்து மணற்கரைக்கு

(ஜமுனாமரத்தூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் மலையிலே கூட்டம் வைக்கிறோம், நீதான் பேசணும்" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டுவிட்டார். பொறியியல் பற்றிப் பேசினால் குழந்தைகள் தூங்கிவிடும். ஆகவே ஒரு பயணத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஜவ்வாது மலையில் சாமை விதைத்துப் பிழைத்த என் அப்பா, தன் 66ஆவது வயதில் முதன்முறையாகக் கடலைப் பார்த்த கதை இது. ஆனால் அதற்கு முன்னால், 15 ஆண்டுகளாக நான் வீட்டில் மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்தது இந்த மலையில். பக்கத்துக் காவலூரில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டோம், கடலைப் பார்க்கவில்லை! நம் கல்லூரியில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டு இண்டஸ்ட்ரியல் விசிட் போனபோதுதான், 2008இல், அந்தப் பாக்கியம் கிடைத்தது. தொழிற்சாலையைப் பார்த்து முடித்து மாலையில் ஒரு கடற்கரைக்குப் போனோம். "யாரும் முழங்காலுக்கு மேல் இறங்கக்கூடாது" என்று சார் படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் நீச்சல் தெரியுமே! ஊர்க் கிணற்றில் தலைகீழாகக் குதித்தவன் ஆயிற்றே!

இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் பத்தடி அகலத்துக்குத் தண்ணீர் கருமையாக, அலையில்லாமல், சமர்த்தாக இருந்தது. கிணற்றிலும் ஏரியிலும் நீந்தியவனுக்கு அமைதியான தண்ணீர்தானே பத்திரமான தண்ணீர்? அங்கே இறங்கினேன். சில நொடிகளில் காலுக்குக் கீழே மணல் இல்லை. கரையைப் பார்த்து நேராக நீந்தினேன். நீந்த நீந்தக் கரை தள்ளித் தள்ளிப் போயிற்று.

கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கையைப் பக்கவாட்டில் வீசிக் கத்தினார். எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் கேனை மார்பில் அணைத்துக்கொண்டு நீந்தி வந்து, என்னைப் பிடித்துக் கரைக்கு நேராக இழுக்காமல், பக்கவாட்டிலே இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்தார். சேர்த்தவுடன் கன்னத்தில் ஓர் அறை. "நீச்சல் தெரியும்னு எறங்கினியா? தண்ணி தெரியுமாடா ஒனக்கு?"

இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நண்பர்களைத் தவிர இது யாருக்கும் தெரியாது. சாருக்கும் சொல்லவில்லை. சார், இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அது என்ன தண்ணீர் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அலை கொண்டுவந்து கரையில் குவிக்கும் நீர் திரும்பிப் போக வழி தேடும். கரையை ஒட்டிக் கடலுக்குள் இருக்கும் மணல் திட்டில் எங்கே இடைவெளியோ, எங்கே ஆழமோ, அங்கே ஓடையாகத் திரண்டு கடலை நோக்கி ஓடும். ஆழமான இடத்தில் அலை உடையாது. அதனால்தான் பார்வைக்கு அமைதி! 'ரிப் கரெண்ட்' என்பார்கள். பலமான நேரத்தில் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தொடும். உலகச் சாம்பியன்கள் நீந்துகிற வேகம் அது. எதிர்த்து நீந்தினால் நாம் சோர்ந்துபோவோம், ஆளைக் கொல்வது அந்தச் சோர்வுதான். அது நம்மைக் கீழே இழுப்பதில்லை, தூரத்துக்குத்தான் தள்ளுகிறது. ஆகவே பதறாமல் மிதக்க வேண்டும், கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அதன்பிறகு கரையேற வேண்டும். மீனவர் கையை வீசிச் சொன்ன பாடம் அதுதான்.

அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் நான் கடல் பக்கமே போகவில்லை. 2019இல் வேலை நிமித்தமாக மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா தீவுக்குப் போக நேர்ந்தது. மனைவியும் நாலு வயது மகளும் உடன் வந்தார்கள். அங்கே பெரும்பாலும் பாறைக் கரைதான். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நாடு, மணல் எங்கிருந்து வரும்? செயின்ட் ஜார்ஜ் விரிகுடாவில் ஜோர்டான் நாட்டிலிருந்து மணல் வரவழைத்து 2004இல் கரை அமைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லீஹா விரிகுடாவில் மட்டும் இயற்கையாகவே நீண்ட மணற்கரை. மகள் பிடிவாதம் பிடித்ததால் போனோம். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தும் இடுப்பளவு தண்ணீர்தான். தாத்தா பாட்டிகள்கூட நாற்காலி போட்டுக் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. வங்கக்கடல் அப்படிப்பட்ட கடல் இல்லை. தெற்கே பெருங்கடலுக்குத் திறந்து கிடப்பது, எங்கோ எழும் அலையும் நம் கரைக்கு வரும். ஆனாலும் அப்பா கடலைப் பார்க்காமலே போய்விடக் கூடாதே!

கோவளம் கடற்கரைக்கு 2021ஆம் ஆண்டு 'நீலக்கொடி' சான்று கிடைத்ததைப் படித்திருந்தேன். 1985இல் பிரான்சில் தொடங்கி 1987இல் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பரவிய ஏற்பாடு அது. நீரின் தூய்மை, கழிப்பறை, உயிர்காப்பாளர் என்று 30க்கும் மேற்பட்ட நிபந்தனைகள் உண்டு. 2023 பிப்ரவரியில் அப்பா, அம்மா, மனைவி, மகளோடு காரில் புறப்பட்டேன்.

போளூர், ஆரணி, செய்யாறு வழியாகப் போய்க் காஞ்சிபுரத்துக்கு முன்னால் பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது அப்பா கேட்டார்: "நம்ம செய்யாறு எங்கடா போய்ச் சேருது?" இந்த மலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் விழுகிறது என்று சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை.

கோவளத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, கண்காணிப்புக் கோபுரத்தருகே நின்ற உயிர்காப்பாளரைத் தேடிப் போனது. "தம்பி, இன்னைக்குத் தண்ணி எப்படி? எங்க எறங்கலாம்?" என்று கேட்டேன். அவர் ஒரு பக்கத்தைக் காட்டி, "இங்க நில்லுங்க சார், கொழந்தைய கைய விடாதீங்க. அந்தாண்ட இழுப்பு இருக்கு" என்றார். காட்டிய இடத்தைப் பார்த்தேன். அலையில்லாமல், கருமையாக, சமர்த்தாக இருந்தது.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்துக் கணுக்கால் நீரில் நின்றார். ஒரு கைப்பிடி மணலை அள்ளி, "இது நம்ம ஆத்து மணலா?" என்றார். நம் கரையோரத்தில் ஓராண்டின் மொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அதனால்தான். கோவளம் பாலாற்று முகத்துக்கு வடக்கே இருக்கிறது. "நம்ம மலைத் துகளும் ரெண்டு இதுல இருக்கலாம்பா" என்றேன். துண்டின் முனையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் 2008ஆம் ஆண்டுக் கதையை அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மனுசன் பேரு கேட்டியாடா?" என்றார். கேட்கவில்லை. என் உயிரைக் காப்பாற்றியவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "நம்ம பீமன் அருவிக்கு வர்ற டவுன்காரப் புள்ளைங்களும் இப்படித்தான் எறங்குது. மேல மழை பேஞ்சா அஞ்சு நிமிசத்துல தண்ணி ஏறும்னு அதுங்களுக்கு யாரு சொல்றா? அவன் ஒனக்குச் சொன்னான். நாம இங்க சொல்லணும்."

அன்பு நண்பர்களே, நாளைக் காலை நாம் எல்லோரும் குடும்பத்தோடு பீமன் அருவிக்குப் போகிறோம். அப்பா சொல்லியனுப்பியதை மலைக்காரன் என்ற முறையில் உங்களிடம் சேர்க்கிறேன். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், செல்ஃபி எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். வழுக்குப் பாறையில் குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். மாணவத் தம்பிகளே, நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தத் தண்ணீரானாலும் முதலில் அந்த ஊர்க்காரரைக் கேட்டு இறங்குங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இறங்கிய பிறகு கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

நாளை அருவிக்கரையில் அப்பாவும் இருப்பார். எங்கே இறங்கலாம் என்று அவரைக் கேளுங்கள். அப்படியே அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.