அவுரி நீலம்



வீட்டுக்குத் திரைச்சீலை வேண்டுமென்றால் இன்று கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுகிறோம். 1759-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், புதிதாகக் கல்யாணமான ஒருவர் அதே வேலையைக் கடிதத்தில் செய்தார். பின்னாளில் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன்தான் அவர். லண்டனிலிருந்த ராபர்ட் கேரி கம்பெனியிடம் ஒரு கட்டில் கேட்டார். அதற்கு நீலத்திலோ, நீலமும் வெள்ளையுமாகவோ திரைகள் வேண்டும். சன்னலுக்கும் அதே துணி. நிறம் பொருந்த வேண்டுமே என்று, சுவரில் ஒட்டும் காகிதத்தின் மாதிரியையும் கூடவே அனுப்பினார். மறு ஆண்டே, பழைய பாணிச் சாமான்களை அதிக விலைக்கு அனுப்புகிறீர்கள் என்று குறைப்பட்டும் எழுதினார்.

அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில், கட்டில் திரைக்கும் விரிப்புக்கும் நம் சோழமண்டலக் கரைச் சாயத்துணி மதிப்பான சரக்கு. தன் நாட்டு நெசவைக் காப்பாற்ற, இங்கிலாந்து 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடை போட்டது. ஆனால் லண்டனில் இறங்கிய இந்தியத் துணியை அமெரிக்காவுக்கு ஏற்றிவிடத் தடையில்லை.

அந்தத் துணிக்காகத்தான் ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் இந்தக் கரையைத் தேடி வந்தன. 1690-இல் ஆங்கிலேயர், செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம் துறைமுகமான தேவனாம்பட்டினத்தின் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். இரண்டு துறைமுகத்துக்கும் பின்னால் இருக்கிற உள்நாடுதான் நம் விழுப்புரமும் திண்டிவனமும்.

லண்டனிலிருந்து இங்கிருந்த ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கடிதம் வரும். கம்பெனி உள்ளூர் வணிகரிடம் சொல்லும். வணிகர் தறிக்காரருக்கு முன்பணம் கொடுப்பார். துணி வந்ததும் மாதிரியோடு வைத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் மாறியிருந்தாலும் விலையைக் குறைப்பார்கள், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். வாஷிங்டனுக்குச் சாமான் பிடிக்கவில்லையென்றால் மனக்குறை. தறிக்காரருக்கோ அது அடுப்பெரியாத நாள்.

இந்த மண்ணின் நீலம் அவுரிச் செடியிலிருந்து வந்தது. அவுரித் தழையைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறிய நீரை வடித்து, நுரை பொங்க அடிப்பார்கள். நீலம் அடியில் வண்டலாகப் படியும். அதைக் காய்ச்சி வடிகட்டி, வில்லைகளாகக் காயவைப்பார்கள். சாயத்தொட்டியில் தோய்த்த துணியை வெளியே எடுக்கிறபோது அது நீலமாக இருக்காது. பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலம் ஏறும். முதல் முறை பார்ப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்ப்பார்.

இப்படிக் கடல் தாண்டிப்போன துணிகள் இன்றும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் நெய்தவர் பெயரும் இல்லை, தோய்த்தவர் பெயரும் இல்லை. அவர்கள் ஏற்றிய நிறம் மட்டும் மங்காமல் இருக்கிறது.

திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இப்போதும் விளைகிறது. அந்தப் பக்கம் போனால், வயலோரம் ஒரு நிமிடம் நில்லுங்கள். பார்வைக்கு வெறும் பச்சைச் செடிதான். எத்தனையோ தூரத்து வீடுகள் கேட்டு வாங்கிய நீலம், அந்தப் பச்சைக்குள்தான் இருக்கிறது.