கடியாரமும் வலஞ்சுழியும்



இன்று கடியாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்று இருக்கின்றோம். 'இதற்கும் ஒரு கூட்டமா?' என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

கடியாரத்து முள் ஏன் வலப்புறமாகவே சுற்றுகிறது? கேட்டால் 'அதுதான் முறை' என்பார்கள். கோவிலை வலம் வருவது போல என்பாரும் உண்டு. முள் வைத்த கடியாரம் ஐரோப்பாவில் உண்டானது. அதற்கு முன் அங்கே நிழற் கடியாரம். அந்நாடுகளில் நடுப்பகல் சூரியன் எந்நாளும் தெற்கேயே நிற்பதால், தரையில் நட்ட கோலின் நிழல் மேற்கிலிருந்து வடக்கு வழியாகக் கிழக்கே போகும். முள்ளும் அவ்வழியே போயிற்று என்பதுதான் அறிந்தோர் கூறும் காரணம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே நிழல் எதிர்ப்புறமாக ஓடும். அதனால் பொலிவியா தேசத்தார் 2014-ல் லா பாஸ் நகரத்துப் பார்லிமெண்டுக் கட்டிடக் கடியாரத்தை இடப்புறமாக ஓடும்படி மாற்றிவிட்டார்கள். எண்களையும் திருப்பிப் போட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை, மணியும் தவறவில்லை.

நம் மதுரைச் சங்கதி இதைவிட வேடிக்கை. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. சித்திரைத் துவக்கம் முதல் ஆவணி முற்பகுதி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அப்போது நிழல் தெற்கே விழுந்து இடப்புறமாகச் சுற்றும். மற்ற மாதங்களில் வலப்புறம். ஒரே ஊர், ஒரே கோல், வருஷத்தில் இரண்டு வழி! நம்பாதவர்கள் ஆனி மாதத்தில் களத்துமேட்டில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள், காசு செலவில்லை.

முள்ளே இல்லாத கடியாரமும் நம்மிடம் இருந்தது. நாழிகை வட்டில் என்பது தண்ணீரைக் கொண்டு 24 நிமிஷமாகிய நாழிகையை அளப்பது. பாசறையில் இப்படி நீரால் பொழுதளந்து சொன்னவர்களை முல்லைப்பாட்டு குறிப்பிடுகிறது. திருமலை நாயக்கர் சாப்பிட வேண்டுமென்று ஸ்ரீவில்லிபுத்தூர் முதல் மதுரை வரை மணி மண்டபங்கள் கட்டி, ஒன்றின் சத்தம் கேட்டு அடுத்ததை அடித்தார்கள் என்றும் கதை சொல்லுவார்கள். ஒருவர் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வெயிலில் நிற்பது!

இனி இராகு காலத்துக்கு வருவோம். திங்கட்கிழமை 7½ முதல் 9 வரை என்கிறார்கள். இது சூரியன் சரியாக 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. மதுரையிலோ தை மாதம் 6½ மணிக்கு மேலும், வைகாசியில் 6-க்கு முன்னும் உதிக்கிறது. போதாததற்கு, நம் கடியாரம் காட்டுவது மதுரை மணியே அல்ல. 1906 ஜனவரி 1 முதல் சர்க்கார் 82½ டிகிரி ரேகையின் மணியைப் பொது மணியாக்கினார்கள். மதுரை அதற்கு மேற்கே, 78 டிகிரியை ஒட்டி இருப்பதால், நம் சூரியன் அதற்குச் சுமார் 17½ நிமிஷம் பின்னால் வருகிறது. சர்க்கார் முள்ளைத் திருப்பியதும் இராகுவும் கூடவே திரும்பினாரா? 'உதயத்திலிருந்து கணக்கிட வேண்டும்' என்று பஞ்சாங்கக்காரர் சொல்லக்கூடும். அப்படியானால் வீட்டுக்கு வீடு தொங்கும் காலண்டரில் உள்ளது யாருடைய இராகு?

பிரசவ வலியால் துடிப்பவளை வண்டியில் ஏற்றாமல் 'இராகு காலம் கழியட்டும்' என்று நிறுத்துகிறார்களே, எந்த மணிப்படி நிறுத்துகிறீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். மதுரைச் சூரியன் மணியா, சர்க்கார் மணியா, காலண்டர் மணியா? அவர்கள் யோசித்துப் பதில் சொல்லுவதற்குள் நீங்கள் வண்டியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிடலாம்.