சென்னைச் சர்வகலாசாலையின் பட்டதாரிகள்

(நம் சங்கத்தின் வருஷாந்தர மகாசபையில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



இன்று பிற்பகல் இம்மகாசபையின் ஆலோசனைக்கு வரவிருக்கும் தீர்மானங்களுள் ஐந்தாவது, நமது கல்வி நிதியைப் பற்றியது. இனிமேல் அந்நிதியிலிருந்து உபகாரச் சம்பளமும் கடனும் வைத்தியம், பொறியியல், கணிப்பொறி என்னும் மூன்று துறைகளிற் பயில்வோர்க்கு மட்டுமே வழங்கப்படல் வேண்டும் என்று அது கூறுகிறது. காரியக் கமிட்டியார் பட்டதாரிகளைக் குறித்துப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டபோது இத்தீர்மானத்தை மனத்திற் கொண்டு கேட்டார்களோ இல்லையோ, அறியேன். நான் அதனை மனத்திற் கொண்டே பேச வந்திருக்கிறேன்.

தீர்மானத்தைக் கொண்டுவந்திருக்கும் அன்பர்கள் சொல்லும் நியாயத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. நிதி சிறிது, கேட்போர் பலர். கடன் வாங்கிய பிள்ளை விரைவிற் சம்பாதித்தால்தான் பணம் திரும்பி வரும். திரும்பி வந்தால்தான் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க இயலும். மகனைப் படிக்கவைக்க நிலத்தை ஒற்றி வைத்த தகப்பனார், அவன் தாவர சாஸ்திரமோ சரித்திரமோ படிக்கப் போகிறேன் என்றால், அதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று கேட்பது இயற்கையே. அக்கேள்விக்கு ஊகத்தால் விடை சொல்வதைவிட, முன்பு படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்பது நலம். நமக்கு மிகவும் அணிமையிலுள்ள சென்னைச் சர்வகலாசாலையையே எடுத்துக்கொள்வோம்.

அது 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ஆந் தேதி சட்டத்தால் ஏற்பட்டது. கல்கத்தா, பம்பாய் சர்வகலாசாலைகளும் அதே வருஷத்தில் தோன்றியவையே. மூன்றும் லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டவை. தொடக்கத்தில் அது பாடஞ் சொல்லிக்கொடுக்கும் இடமன்று; கல்லூரிகளிற் படித்தவர்களைப் பரீட்சித்துப் பட்டம் அளிக்கும் ஸ்தாபனம் மட்டுமே. தானே ஆசிரியர்களை வைத்து ஆராய்ச்சி நடத்தத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டிலேதான். ஆதியில் சென்னை ராஜதானி முழுவதும், மைசூரும் திருவாங்கூரும், இலங்கையின் வடபகுதி மாணாக்கர்களுங்கூட அதன் பரீட்சைகளையே நாடினர்.

அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார் என்பதை நம் இளைஞர்கள் பலர் அறியார். ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள், மற்றவர் கறோல் விசுவநாத பிள்ளையவர்கள். இருவரும் அமெரிக்க மிஷனாரின் வட்டுக்கோட்டைச் செமினரியைச் சேர்ந்தவர்கள். அங்கே விசுவநாத பிள்ளையவர்கள் ஆசிரியர், தாமோதரம் பிள்ளையவர்கள் மாணாக்கர். ஆசானும் மாணவனும் ஒரே பட்டத்தை ஒருங்கே பெற்றது ஒரு வேடிக்கையான சம்பவந்தான்.

தாமோதரம் பிள்ளையவர்களின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் பத்திரிகை நடத்தினார், சென்னையிலும் கள்ளிக்கோட்டையிலும் கல்லூரி ஆசிரியராக இருந்தார், சர்க்கார் வரவு செலவுக் கணக்குச் சாலையில் உத்தியோகம் பார்த்தார், பிறகு பி.எல். பட்டம் பெற்றுக் கும்பகோணத்தில் வக்கீலானார். 1887 முதல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக அமர்ந்தார். இவ்வளவில் நிறுத்தினால், நம் சங்கத்தார் மாலை போட்டு வரவேற்கத்தக்க ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் வரலாறு முடிந்துவிடும். ஆனால் இன்று அவரை நாம் நினைப்பது இவற்றில் ஒன்றுக்காகவும் அன்று. கணக்குச் சாலையிலும் நீதி ஸ்தலத்திலும் பகற்பொழுதைக் கழித்தவர், எஞ்சிய பொழுதையும் ஈட்டிய பொருளையும் செல்லரித்த ஏட்டுச் சுவடிகளுக்குச் செலவிட்டார். பல இடங்களிலிருந்து பிரதிகளை வருவித்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். 1881-இல் வீரசோழியமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887-இல் கலித்தொகையும் வெளிவந்தன. ஏடுகளோடு மண்ணாய்ப் போயிருக்கவேண்டிய நூல்கள் அச்சேறிப் பிழைத்தன. அதன் பொருட்டு அவருக்கு ஒருவரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் படித்த பி.ஏ. படிப்போ, கணக்குச் சாலைக்கென்று ஏற்பட்டதன்று. ஏட்டுச் சுவடிக்கென்று ஏற்பட்டதும் அன்று.

இவ்வாறு உத்தியோகம் ஒரு கையும், உள்ளத்துக்கு உகந்த பணி மற்றொரு கையுமாக வாழ்ந்தவர்கள் நம் பட்டதாரிகளுட் பலர். பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா அவர்கள் கிறிஸ்தவக் கல்லூரியிற் படித்து 1892-இல் பி.ஏ. தேறி, உப்பு ஆப்காரி இலாகாவிற் சேர்ந்தார். உப்பளங்களைச் சோதிக்கும் வேலைக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆயினும், பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலின் முதற்பாகம் அந்த உத்தியோகஸ்தரிடமிருந்து 1898-இல் வெளிவந்தது. பால்ய விவாகம், விதவைகளின் துயரம், பெண்கல்வி ஆகியவற்றைப் பற்றி அவர் ஓயாது எழுதினார். உத்தியோகத்திலிருந்து விலகியபின் பஞ்சாமிர்தம் என்ற பத்திரிகையையும் நடத்தினார். சர்வகலாசாலையின் செனெட் சபையிலும் அவர் அங்கத்தினர். 1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று அச்சபையில் வாதித்துப் பேசி அமர்ந்தவர், அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. தமக்குப் பட்டம் அளித்த ஸ்தாபனத்திலேயே தாய்மொழிக்காகப் பேசி முடித்த மூச்சு அது.

இனி, ஸி. வி. ராமன் அவர்கள். மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ.யும் 1907-இல் எம்.ஏ.யும் தேறினார். அக்காலத்தில் பௌதிக சாஸ்திரம் படித்தவனுக்கு உத்தியோகம் ஏது? ஆகவே அவரும் நிதி இலாகாப் பரீட்சை எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் போய்ச் சேர்ந்தார். நம் தீர்மானத்தின் கண்கொண்டு பார்த்தால் அத்துடன் காரியம் சுபமாய் முடிந்தது. அவரோ, ஆபீஸுக்குப் போகுமுன்னும் ஆபீஸ் விட்ட பின்னும் பௌபஜார் வீதியில் இருந்த விஞ்ஞான சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் நுழைந்து சோதனைகள் செய்துகொண்டிருந்தார். 1917-இல் மிகுந்த வருமானமுள்ள சர்க்கார் உத்தியோகத்தை விட்டு, அதனிற் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாச் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆந் தேதி கண்ட உண்மைக்கு 1930-இல் நோபெல் பரிசு வந்தது. அவருடைய தமையனாரின் குமாரர் சந்திரசேகர் அவர்களும் அதே மாநிலக் கல்லூரியில் 1930-இல் பட்டம் பெற்று, நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983-இல் அப்பரிசை அடைந்தார். சுடரெரிந்து தணிந்த நட்சத்திரம், சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுள்ளதாயின் வெண்குறுமீனாக நிலைத்திராது என்பது அவர் இளமையிலேயே கணித்தது. இப்படிப்பு எந்த உத்தியோகத்துக்கு உதவும் என்று 1930-இல் ஒரு கல்வி நிதிக் கமிட்டி கேட்டிருந்தால், அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

இவ்விடத்தில் பட்டம் பெறாத ஒருவரையும் நினைக்காமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. கும்பகோணம் கல்லூரியிலும் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து, கணிதம் ஒழிந்த மற்றப் பாடங்களிற் கவனம் செல்லாமையால் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர் ஸ்ரீநிவாச ராமாநுஜன். சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தார். அவரைப் பரீட்சையில் தோற்கடித்த அதே சர்வகலாசாலை, 1913-இல் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து செல்லவும் பொருளுதவி செய்தது. விதிகளின்படி அவருக்குத் தகுதியில்லை. விதியைத் தளர்த்தியவர்களுக்குத் தகுதி இருந்தது. நம் நிதிக்கு விதி எழுத உட்கார்ந்திருக்கும் நாம் இதனைக் கவனிப்பது நன்று.

தாய்மார்களே, உங்களிற் பலர் இவ்வளவு நேரம் ஆடவர் வரலாற்றையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சகோதரி சுப்பலட்சுமி அம்மையார் குழந்தைப் பருவத்திலேயே கைம்மை எய்தியவர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். பிறகு தம்மைப் போன்ற சிறுமிகளை வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று வழங்கிய கட்டடத்தில் அவ்விடுதி வளர்ந்தது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறி, 1927-இல் சட்டசபையில் அமர்ந்து, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடியதும், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் ஏற்படுத்தியதும் யாவரும் அறிந்தவை, விரித்தல் வேண்டா. தலைச்சேரி ஜானகி அம்மாள் அவர்கள் மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் தேறி, அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் உயர்பட்டம் பெற்று, கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் கலப்பினங்களை ஆராய்ந்தார். பிற்காலத்தில் இந்தியத் தாவரவியல் இலாகாவைச் சீர்திருத்த நேரு அவர்களாலேயே அழைக்கப்பட்டார். தாவர சாஸ்திரத்தால் என்ன கிடைக்கும் என்ற தகப்பனார்க்கு இதனைச் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது லலிதா அம்மையாரைப் பற்றியே. பதினைந்தாம் வயதில் விவாகம். பதினெட்டாம் வயதில், நான்கு மாதக் கைக்குழந்தையுடன் வைதவ்யம். தந்தையார் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்சாரப் பேராசிரியர். அதுவரை பெண்வாடையே அறியாத அக்கல்லூரியில் மகளைச் சேர்க்க அவர் அனுமதி கேட்டார், கிடைத்தது. 1943-இல் அவ்வம்மையார் பட்டம் பெற்றார். பட்டப் பத்திரத்தில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தமையால், அதனைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுக்க நேர்ந்ததாம். வேறு படிவம் அச்சடித்து வைக்க வேண்டிய அவசியம் நேரும் என்று அதற்குமுன் ஒருவரும் எண்ணவில்லை போலும்! பிற்காலத்தில் கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியில் பணிபுரிந்து, பக்ரா நங்கல் அணையின் மின்பாதைகளுக்குத் திட்டம் வகுத்தவர்களில் ஒருவரானார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியியலார் மகாநாட்டுக்கும் சென்று வந்தார். வேலையும் செய்து மகளையும் வளர்த்தார். அவரைத் தொடர்ந்து கிண்டியில் படித்த திரேசியா அம்மையார் 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார்.

நம் நிதியின் விதிகளில் ஒன்று, உபகாரச் சம்பளம் பெறும் பெண்ணுக்கு விவாகம் ஆனவுடன் அது நின்றுவிடும் என்கிறது. அதனை எழுதிய பெரியோர்கள் கெட்ட எண்ணத்துடன் எழுதவில்லை. மணமானபின் பெண் படிக்கமாட்டாள் என்று எண்ணினார்கள். ஆனால் அவ்விதி உள்ளவரையில் லலிதா அம்மையாரைப் போன்ற ஒருவர் நம் வாயிலில் வந்து நின்றால், அவருக்கு நாம் ஒரு காசும் கொடுக்க இயலாது.

சங்கங்கள் செய்யக்கூடியது சொற்பம் என்று சிலர் சொல்லுகிறார்கள். சென்னையில் டாக்டர் ஸி. நடேச முதலியார் அவர்கள், தாமே வைத்தியப் பட்டதாரி. வெளியூர்களிலிருந்து வந்து தங்க இடமின்றித் தவித்த பிராமணரல்லாத மாணாக்கர்க்கு 1910-களில் திருவல்லிக்கேணியில் திராவிட இல்லம் என்னும் விடுதியை ஏற்படுத்தினார். இன்ன பாடம் படிப்பவனுக்கே இடம் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அங்குத் தங்கிப் படித்தவர்களுள் ஒருவர் ஆர். கே. சண்முகம் செட்டியார் அவர்கள். 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை அவர்கள், பச்சையப்பன் கல்லூரியில் 1934-இல் பட்டம் பெற்றுச் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர்; 1967-இல் இம்மாகாணத்தின் முதன் மந்திரியானார். அவர் படித்தது பொருளாதாரமும் அரசியலும். அவை இரண்டும் நம் தீர்மானத்தின் மூன்று துறைகளில் இல்லை.

பெயர் சொல்லப்பட்டவர்களைவிடச் சொல்லப்படாதவர்களே அதிகம். தாலுகாப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷம் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பி.ஏ., எல்.டி. ஆசிரியர்களுக்கு எந்த மகாசபையும் மாலை போட்டதில்லை. நம் பத்திரிகையின் ‘கல்வியிற் சிறந்தோர்’ பக்கத்தில் கலெக்டர்களும் டாக்டர்களும் இடம்பெறுகிறார்கள், மகிழ்ச்சி. அவர்களுக்கு அகரம் எழுதக் கற்பித்தவர் ஒருவர் படமாவது அதில் வந்ததா என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். வரவில்லை. இதனைப் பத்திராதிபர் அவர்கள் குறையாகக் கொள்ளாமல் குறிப்பாகக் கொள்வாராக.

நிதி சிறிதாயிருக்கிறது என்பது உண்மை. அதற்குப் பரிகாரம், கேட்பவரின் பாடத்தைப் பார்த்துக் கழிப்பதன்று. அவருடைய வறுமையையும் ஊக்கத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே. கடன் திரும்பி வராது என்னும் அச்சத்துக்கு, முதல் வருமானம் வந்த பிறகே தவணை தொடங்கும்படி செய்து, தவணைத் தொகையைக் குறைத்து, காலத்தை நீட்டிக் கொடுக்கலாம்.

ஆகையால் இரண்டு திருத்தப் பிரேரணைகளை எழுத்து மூலமாகக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று, ஐந்தாவது தீர்மானத்தில் மூன்று துறைகளின் பெயர்களை எடுத்துவிட்டு, ‘எத்துறையிலேனும் பயிலும் வறிய மாணவ மாணவியர்க்கு’ என்று சேர்க்கவேண்டும் என்பது. மற்றொன்று, விவாகத்தால் பெண்களின் உபகாரச் சம்பளம் நின்றுபோகும் என்ற விதியை அடியோடு நீக்கவேண்டும் என்பது. பிற்பகல் கூட்டத்தில் இவ்விரண்டையும் நான் பிரேரேபிப்பேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும். அவர் தாய்மார்களுள் ஒருவராயிருப்பின் மிகவும் சந்தோஷம்.