கே.பி. சுந்தராம்பாள்: காதல் கதைக்கு அப்பால்



70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இந்தக் கொல்லிமலைக்கு மேலே வந்திருக்கிறீர்கள். தலைமை உரை என்ற பெயரில் உங்களை இன்னும் சுற்றவிட எனக்கு மனமில்லை.

கொல்லிமலை என்றதும் நமக்கு வல்வில் ஓரியோடு கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருவாள். கண்டவரை மயக்கும் அந்தப் பாவையைத்தான் நம் சினிமா தன் கதாநாயகிகளிடம் ஓயாமல் தேடியது. அந்த அச்சுக்குள் அடங்காத நடிகை ஒருவரைப் பற்றிப் பேச இங்கே கூடியிருக்கிறோம். மலையிறங்கிக் காவிரியைத் தாண்டினால் அவர் பிறந்த கொடுமுடி வந்துவிடும்.

1908இல் பிறந்த சுந்தராம்பாள், வறுமையால் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. பிறகு நாடகக் கம்பெனி. மைக் இல்லாத கொட்டகையில் பின்வரிசைக்காரருக்கும் சொல் பிசகாமல் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் கூச்சல்தான். மேடை ஜோடியும் பின்னர் கணவருமான எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக்கு ஈடுகொடுத்து நின்ற குரல் அப்படித்தான் உரம் ஏறியது.

1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே கண்ணீர் விட்டு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவருடைய திரைத் தொழில் தொடங்குவதே இதற்குப் பிறகுதான்!

1935இல் ‘பக்த நந்தனார்’. ஜோடி வேண்டாம் என்றவர் ஆண் வேடமே பூண்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று பதிவாகியிருக்கிறது. அன்று யாரும் கேள்விப்படாத தொகை. படத்தை எழுத்தாளர் கல்கி கிண்டலடித்து எழுதினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’. கதாநாயகன் இல்லை, காதல் இல்லை. ஒரு மூதாட்டியை நம்பித் தயாரிப்பாளர் எஸ்.எஸ். வாசன் பணத்தைக் கொட்டினார். படம் ஓடியது. ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள், ‘திருவிளையாட’லில் மீண்டும் ஔவை. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை அந்த ஔவை சமாதானம் செய்யும் காட்சியைக் கவனியுங்கள்: முகத்தில் பெரிய அசைவு இருக்காது; கெஞ்சல், உரிமை, கண்டிப்பு மூன்றையும் குரலே நடித்துவிடும். அறுபது வயதுக்கு மேல் ‘துணைவன்’ படப் பாடலுக்காகத் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ.

இடையில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் அழைப்பில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பின்னர் சென்னை சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். அவர் அங்கே என்ன பேசினார் என்று நம்மில் எத்தனை பேர் தேடிப் பார்த்திருக்கிறோம்?

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்களை மட்டுமே மேற்கோள் காட்டியது போதும். மேலவை நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டுங்கள். நாடக நோட்டீசுகள், கிராமபோன் தட்டுகள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவை பழைய பேப்பர் கடைக்குப் போவதற்கு முன் கேட்டு வாங்குங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.