ஆற்றுக்கு அக்கரையையும் எண்ணுங்கள்

(பினாங்கு லிட்டில் இந்தியாவில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



"சம்பளத்தைக் கூட்டினால் ஆளைக் குறைப்போம்" என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. தீபகற்ப மலேசியாவில் 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட் என்று வந்தபோதும் கேட்டோம். 2022-இல் 1,500 ஆனபோதும், 2025-இல் 1,700 ஆனபோதும் கேட்டோம். அது வெறும் பொய் என்று கைதட்டலுக்காக நான் இங்கே முழங்கிவிடலாம். ஆனால் செட்டியார் கிட்டங்கிகள் இருந்த தெரு இது. பேரேட்டில் ஏறாத கணக்கு இங்கே செல்லாது. ஆகவே, எண்ணிப் பார்த்தவர் எவரேனும் உண்டா என்று கேட்போம்.

உண்டு. அமெரிக்காவில் டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் எண்ணினார்கள். நம் மூடா ஆறு கெடாவையும் செபராங் பிறையையும் பிரிப்பதுபோல, அங்கே நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே டெலவேர் ஆறு ஓடுகிறது. 1992 ஏப்ரல் முதல் தேதி நியூ ஜெர்சியில் மணிக்கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராயிற்று. அக்கரையில் பழைய கூலிதான். இரு கரைகளிலும் பர்கர், பொரித்த கோழி விற்கும் 410 கடைகளை முன்னும் பின்னும் விசாரித்தார்கள். இரண்டு அரைநேர ஆளை ஒரு முழு ஆளாக வைத்துக் கணக்கிட்டார்கள். நியூ ஜெர்சியில் கடைக்குச் சராசரி 20.4 பேர் 21 ஆனார்கள். கூலி ஏறாத பென்சில்வேனியாவில் 23.3 பேர் 21.2 ஆகக் குறைந்தார்கள்!

ஒரு கரையை மட்டும் எண்ணியிருந்தால், "வியாபாரம் நன்றாக நடந்தது, ஆள் கூடிற்று" என்று முதலாளி சொல்லித் தப்பித்திருப்பார். அக்கரைக் கணக்குத்தான் அவர் வாயை அடைத்தது.

சும்மா விட்டார்களா? நியூமார்க், வாஷர் என்ற இருவர் கடைகளின் சம்பளப் பட்டியலை வாங்கிப் பார்த்து, வேலை குறைந்தது என்றார்கள். வேலையில்லாக் காப்புறுதிக்காக முதலாளிமாரே அரசாங்கத்துக்குக் கொடுத்த கணக்கை எடுத்து, 2000-இல் கார்டும் குரூகரும் பதில் சொன்னார்கள்: பெரிய குறைவு இல்லை. செக்ரோல் பிடிக்கும் நமக்கு இந்தச் சண்டை நன்றாகவே புரியும். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு முன்பே, 2019-இல் மறைந்துவிட்டார்.

ஆனால் தோழர்களே, பர்கர் கடைக்காரன் விலையில் பத்துக் காசு ஏற்றலாம். ரப்பர் விலையைத் தோட்டத்துரை வைப்பதில்லை. உலகச் சந்தை வைக்கிறது. எனவே அவர்கள் கணக்கை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது. நம் கணக்கை நாமே எடுக்கவேண்டும். 2020 பிப்ரவரியில் 56 நகராட்சிப் பகுதிகளுக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100 என்று ஒரு கோடு விழுந்தது. எண்ணத் தொடங்குமுன் மார்ச் 18-இல் நாடே அடைபட்டது. அந்தச் சந்தர்ப்பம் போயிற்று.

சொக்சோவையும் இங்கே சொல்லியாகவேண்டும். 1971 அக்டோபர் முதல் நடந்துவரும் அந்தக் காப்புறுதியில், வேலையில் அடிபட்டுப் படுத்தவருக்கு நாட்சம்பளத்தில் 100க்கு 80 பங்கு கிடைக்கிறது. எந்தச் சம்பளத்தில்? முதலாளி எழுதி அனுப்பிய சம்பளத்தில்! சம்பளச் சீட்டில் 1,700 இருந்து, சொக்சோ கணக்கில் 1,200 இருந்தால், மழைக்காலத்து மேட்டில் வழுக்கிக் கால் முறிந்தவர் படுத்திருக்கும் நாளெல்லாம் அந்த வித்தியாசத்தை இழப்பார். இறந்தால் விதவைக்குப் போகும் பென்ஷனும் அதே கணக்கில்தான்.

இப்போது வேலைக்கு வருவோம். 1,700 ரிங்கிட் ஐந்து பேரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்டில்தான் வந்தது. ரப்பர் விலை இருவருக்கும் ஒன்றே. அந்த ஆறு மாதமும் சிறு தோட்டங்கள்தாம் நமக்கு அக்கரை.

ஆகவே ஒவ்வொரு கிளையும் 2025 ஜனவரியில் எத்தனை பேர், ஜூலையில் எத்தனை பேர் என்று பெரிய தோட்டத்துக்கும் பக்கத்துச் சிறு தோட்டத்துக்கும் எழுதிக் கொடுங்கள். பங்குக்கு வெட்டுகிறவர்களைச் சேர்க்கவேண்டாம். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. ஆள் குறைந்திருந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், தொகை போதும். தாள் வாசலில் இருக்கிறது.