நடைப்பிண விளையாட்டும் நாம் கட்டும் பாடியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தொழில்நுட்பத் தலைப்பு ஒன்றில் பேச வேண்டும் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஜாம்பி விளையாட்டு. மூத்த முன்னாள் மாணவர்களுக்காக ஒரு விளக்கம்: ஜாம்பி என்றால் செத்தும் சாகாமல் நடமாடும் பிணம். நம்ம ஊர்ப் பாட்டிமார் சொல்லும் பேய்க்குக் கால் கிடையாது. இதுக்குக் கால் உண்டு, ஓடவும் செய்யும். ஊரெல்லாம் இப்படி ஆகிவிட்ட பிறகு மிச்சமிருக்கும் ஒருவர் எப்படிப் பிழைக்கிறார் என்பதுதான் ஆட்டம்.

இதில் நான் பேசப்போவது 'மாட்' என்ற சங்கதியைப் பற்றி. மாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஒரு கம்பெனி செய்து விற்ற விளையாட்டுக்குள் வெளியாள் ஒருவர் புகுந்து, புது விதி, புதுப் பொருள், புது ஊர் என்று சேர்ப்பதற்குத்தான் மாட் என்று பெயர். நமக்கு இது புதிதல்ல. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்க்காதவர் இந்த அரங்கில் இருக்க முடியாது. லாரிக் கம்பெனியிடம் சேஸிஸ் மட்டும் வாங்கி, நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் என்று ஓட்டிக்கொண்டு போய்ப் பாடி கட்டுவது நெடுங்கால வழக்கம். பட்டறைக்காரர் என்ஜினைத் தொடமாட்டார். ஆனால் வெளியே வரும்போது ஒரு வண்டி கோழிக்கூண்டு சுமக்கும், இன்னொன்று தண்ணீர் சுமக்கும். என்ஜின் அவர்களுடையது, வண்டி நம்முடையது. மாட் என்பது அதுதான்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். செக் நாட்டில் போஹீமியா இன்டராக்டிவ் என்றொரு நிறுவனம். 2009-ல் 'ஆர்மா 2' என்ற ராணுவ விளையாட்டை வெளியிட்டது. உண்மையான செக் நிலப்பகுதியை மாதிரியாக வைத்து 225 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு கற்பனை நாட்டையே கட்டியிருந்தார்கள். வெளியாட்கள் மாற்றம் செய்வதற்கான கருவிகளையும் கொடுத்திருந்தார்கள். டீன் ஹால் என்பவர் நியூசிலாந்து ராணுவத்தில் பணியாற்றியவர். புருனே காட்டில் உயிர் பிழைக்கும் பயிற்சியின்போது பசியில் வாடிய அனுபவம் அவருக்கு உண்டு. 2012-ல் அவர் அந்த ராணுவ விளையாட்டின் மேல் கட்டிய மாட்தான் 'டே இசட்'.

அவர் என்ன சேர்த்தார்? துப்பாக்கி, டாங்கி எல்லாம் ஏற்கெனவே இருந்தது. அவர் சேர்த்தது பசி, தாகம், குளிர். ரத்தத்துக்கு 12,000 என்று ஓர் எண். அடிபட்டுக் கட்டுப் போடாமல் விட்டால் அந்த எண் இறங்கிக்கொண்டே வரும், திரையில் நிறங்கள் வெளுத்துக் கறுப்பு வெள்ளையாகும். கால் எலும்பு முறிந்தால் தவழ்ந்துதான் போக வேண்டும், மார்பின் ஊசி கிடைக்கும் வரை. நீங்கள் எழுப்பும் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று காட்ட ஒரு காது, எவ்வளவு தெரிகிறீர்கள் என்று காட்ட ஒரு கண். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தால் செத்ததுதான். பத்து நாள் சேர்த்த பையும் துப்பாக்கியும் போச்சு, மறுபடி கடற்கரையில் வெறுங்கையோடு நிற்க வேண்டும். முதலில் கையில் ஒரு சின்னத் துப்பாக்கியாவது கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அதே 2012-ல் வந்த ஒரு பதிப்பில் அதையும் பிடுங்கிவிட்டார்கள்!

கவனியுங்கள், இவை அத்தனையும் கஷ்டங்கள். காசு கொடுத்து இந்தக் கஷ்டத்தை யார் வாங்குவார்கள் என்றுதான் எந்தக் கம்பெனி மேலாளரும் கேட்டிருப்பார். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டுக்குள் ஆடியவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். மூன்று வருடப் பழைய ஆர்மா 2 விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது, இந்த மாட் ஆடுவதற்காகவே! போஹீமியா நிறுவனமே இதைத் தனி விளையாட்டாக்கியது. 2013 டிசம்பரில் முன்னோட்டப் பதிப்பு, 2018 டிசம்பரில் முழுப் பதிப்பு.

இதில் ஒரே ஒரு அம்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். ரத்தப் பை. குறைந்துபோன ரத்தத்தைச் சட்டென்று ஏற்ற வேண்டுமானால் ரத்தப் பை வேண்டும். பை உங்களிடமே இருக்கலாம். ஆனால் நீங்களே ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருவர்தான் ஏற்றிவிட வேண்டும். அந்த இன்னொருவர் யார்? முன்பின் தெரியாத ஒரு மனிதன், கையில் துப்பாக்கியோடு. நடைப்பிணத்தைவிட அவனிடம்தான் பயம் அதிகம். இருந்தும் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, தரையில் படுத்து, திரை வெளுத்துப் போய்க்கொண்டிருக்க, அவன் சுடுவானா காப்பானா என்று காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு விதி, அவ்வளவுதான். அதை எழுதச் சில வரிகளுக்கு மேல் பிடித்திருக்காது.

பிறகு என்ன ஆயிற்று? தனியார் சர்வர்கள் பெருகின. மாட்டுக்கு மேல் மாட் போட்டார்கள். அதில் பலரும் கேட்டு வாங்கிய வசதி, ரத்தத்தைத் தானே ஏற்றிக்கொள்வது. தனியாக ஆடுகிறவருக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதி வந்த இடத்தில் அடுத்தவன் தேவையில்லாமல் போனான், தேவையில்லாதவனைச் சுட்டுவிடுவது சுலபமானது. ஒரு வசதியைச் சேர்த்தால் எது கழியும் என்பதைச் சேர்க்கும் முன்பே கணக்குப் போட வேண்டும் என்பது என் கட்சி. நண்பர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், டீ நேரத்தில் சண்டை போடுவோம்.

'எபோக்' என்ற மாட் வந்து கடை, தங்கக் கட்டி நாணயம், சொந்த வீடு கட்டும் உரிமை எல்லாம் சேர்த்தது. தனி விளையாட்டான பிறகு 'எக்ஸ்பேன்ஷன்' என்ற மாட் ஹெலிகாப்டர், சந்தை, குழு அமைப்பு என்று அடுக்கியது. பட்டியல் நீளம், இங்கே வேண்டாம்.

இப்போது தம்பிகளுக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன், புகைப்படமும் இணையப் பக்க வடிவமைப்பும் தொழிலாகக் கொண்டவர். டே இசட் ஆடிப் பார்த்துவிட்டு அதன் மேலேயே 2013-ல் இன்னொரு மாட் செய்தார். எல்லாரும் மோதி, கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சும் ஆட்டம். தொடர்ந்து செய்துகொண்டே போய், 2017 மார்ச்சில் ஒரு கொரிய நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்டதுதான், ஆமாம், பப்ஜி! 2018-ல் அது கைபேசிக்கு வந்தது. பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து ஜெயங்கொண்டம் டீக்கடை வரை பிள்ளைகள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தது நமக்கெல்லாம் தெரியும். 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது, 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி முடக்கம், 2023 மே மாதம் மறுபடி வருகை. 2001-ல் பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் திரும்பப் பிரிந்த அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் போக்குவரத்து ஆச்சரியமாக இருக்காது.

பப்ஜியில் ஆடும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வரும் வட்டம் ஒன்று உண்டல்லவா? அது ஏன் வட்டம்? கிரீன் முதலில் நினைத்தது சதுரம். சதுரத்துக்கு நிரல் எழுதும் அளவுக்கு அவருக்கு அப்போது அனுபவம் இல்லை. வட்டம் என்றால் ஒரு மையம், ஓர் ஆரம் போதும், ஒருவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதைத் தூரத்தை அளந்தே சொல்லிவிடலாம். தெரிந்ததை வைத்துச் செய்தார். கோடிக்கணக்கான பேர் ஆடிய ஆட்டத்தில் அந்த வட்டமே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடக் கணக்கு, ஐயா!

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? நான் வாகனங்களுக்கான கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். சேர்ந்து முதல் இரண்டு வருடம் வெற்றுத் திரையில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. யாரோ எழுதி, யாரோ திருத்தி, அவர்கள் இருவரும் வேலையை விட்டுப் போன பிறகு என் கைக்கு வந்த நிரல். அதைப் படித்து, எந்தத் தூணைத் தொடக்கூடாது என்று கண்டுபிடித்து, நடுவில் நம் வேலையைச் செருக வேண்டும். வேலை என்றால் பெரும்பாலும் இதுதான். நம் பாடத்திட்டமோ எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொல்கிறது. கடைசி வருட புராஜெக்ட் வந்தால் பையன்கள் திருச்சிக்குப் பஸ் ஏறி, காசு கொடுத்து, அட்டை போட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். சிரிக்கிறீர்கள், அப்ப இன்னும் நடக்குதுன்னு அர்த்தம். விலைக்கு வாங்கிய புராஜெக்டைத் திறந்து ஒரு விதியை மாற்றிக் காட்டு என்று தேர்வாளர் கேட்டால் எத்தனை பேர் மாற்றுவீர்கள்? நேர்முகத் தேர்வில் நான் கேட்பது அந்த ஒன்றைத்தான். அதற்குப் பழக்கம் வேண்டும், அந்தப் பழக்கத்தை இந்த மாட் வேலை காசில்லாமல் கொடுக்கிறது.

டே இசட் ஆட நல்ல கணினி வேண்டும். கையில் பழைய லேப்டாப்தான் இருக்கிறது என்பவர்களுக்கு 'புராஜெக்ட் ஸோம்பாய்ட்' என்று ஒன்று. 2011 முதல் வளர்ந்துவரும் விளையாட்டு, பிரிட்டனில் ஒரு சின்னக் குழு தொடங்கியது. 1993-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் நடப்பதாகக் கதை. இதன் மாட்களை 'லுவா' என்ற எளிய மொழியில் எழுதலாம். ஒரு புது உணவுப் பொருள் சேர்க்க மொழிகூட வேண்டாம், நோட்பேடில் பத்து வரி போதும். பசியை எவ்வளவு குறைக்கும், தாகத்தை எவ்வளவு குறைக்கும், எத்தனை நாள் புதிதாக இருக்கும், எத்தனை நாளில் கெடும் என்று எண்கள்.

அரியலூரில் என் அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். போன கோடையில் "மாமா, நம்ம கம்பங்கூழைச் சேர்க்கலாம்" என்றான். உட்கார்ந்தோம். பசிக்கு ஓர் எண், தாகத்துக்கு ஓர் எண், போட்டாயிற்று. அடுத்து எத்தனை நாள் புதிது என்ற இடத்தில் மாட்டிக்கொண்டோம். அந்த விளையாட்டைச் செய்தவர்கள் கணக்கில் சாப்பாடு என்றால் செய்த நாளில் நன்றாக இருக்கும், நாளாக ஆகக் கெடும். கூழ் அப்படியா? ராத்திரி கரைத்து வைத்தது காலையில் புளித்தால்தானே கூழ்! நாள்பட்டால் நன்றாகும் என்று போடுவதற்கு இடமே கண்ணில் படவில்லை.

பையன் விடவில்லை. விளையாட்டிலேயே இருக்கும் உணவுப் பொருள்களின் கோப்பை வரிவரியாகப் படித்தான். ஐஸ்கிரீம் உருகுவதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தான். ஐஸ்கிரீம் கெடும் நேரம் வந்ததும் அதை எடுத்துவிட்டு, உருகின ஐஸ்கிரீம் என்ற வேறு பொருளை அந்த இடத்தில் வைக்கச் சொல்லி ஒரே ஒரு வரி இருக்கிறது. "மாமா, இது போதும்" என்றான். கரைத்த மாவு என்று ஒரு பொருள், ஒரு நாளில் 'கெடும்'. கெட்டதும் அதன் இடத்தில் புளித்த கூழ் வந்து உட்காரும். அதற்குத் தனியாக நல்ல எண்கள். ஐஸ்கிரீமுக்கு வைத்த வாசல் வழியாகக் கம்பங்கூழ் உள்ளே போய்விட்டது. நான்கு வருடம் இங்கே படித்த நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தேன்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று. ஆடுகிற நேரம் ஆடுகிற நேரம்தான், மாட் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ராத்திரி முழுக்க ஆடினால் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். மாணவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. விளையாட்டுக் கம்பெனி புதுப் பதிப்பு வெளியிட்டால் உங்கள் மாட் படுத்துவிடும், எழுப்பி உட்கார வைப்பதும் உங்கள் வேலையே. இன்னொன்று உரிமை. கருவி இலவசம் என்பதால் எல்லாம் நம் சொத்தாகிவிடாது. டே இசட் சர்வர் வைத்துக் காசு வாங்க அந்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அடுத்தவர் மாட்டைப் பெயர் மாற்றி நம்முடையது என்று போடுவது திருட்டு. உரிம விதிகளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நமக்கென்று செய்ய நிறையக் கிடக்கிறது. காரைக்குப் பக்கத்தில் அம்மோனைட் படிவங்களோடு அரித்துக் கிடக்கும் அந்தக் கரடு நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். டே இசட் கருவிகளில் நிலம் அமைக்கும் கருவியும் இருக்கிறது. 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த நில உயர அளவுகள் யாருக்கும் இலவசம். ரஞ்சன்குடிக் கோட்டை கொஞ்சம் தள்ளி இருக்கிறது, இழுத்துப் பக்கத்தில் வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? சிவில் துறைப் பிள்ளைகளும் கணினித் துறைப் பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு வருட வேலை, நல்ல புராஜெக்ட்.

அவ்வளவு பெரிதாக வேண்டாம் என்பவர்களுக்கு, கூழ்க் கோப்புகளை ஆய்வகத்தில் ஒரு கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். சாயங்காலம் வரை அங்கேதான் இருப்பேன். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் இன்னும் சேர்க்கவில்லை. செட்டிகுளம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால் அந்த வேலை உங்களுக்கு.