வலியின் வரவு செலவு: துயரத்தில் தழைக்கும் அமைப்புகளைப் பற்றிய புனைவுகள்

மனிதரின் துயரத்திலிருந்து இலாபம் எடுக்கும் அமைப்புகளைப் பற்றிய புனைவு, டிஸ்டோபியா இலக்கியத்தின் தனிக் கிளை. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் தனித்தன்மை தெரியும். ஆர்வெல்லின் அரசு மனிதனை வதைப்பது அதிகாரத்தை ருசிப்பதற்காக. வதையே அதற்குப் பலன். இந்தக் கிளைக் கதைகளில் வதைப்பவருக்கு வதைபடுபவர்மேல் பகை எதுவும் கிடையாது. துயரம் இங்கே மூலப்பொருள். ஆலைக்குள் பருத்தி போவதுபோல ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் யாரோ ஒருவருடைய வசதியாக வெளியே வருகிறது. ஆகவே இக்கதைகளில் சிறைக் கதவுகளைவிட ஒப்பந்தத் தாள்களுக்கும் விலைக் கணக்குகளுக்கும் வேலை அதிகம்.

கணக்கிலிருந்தே இந்த மரபு பிறந்தது எனலாம். 1729இல் டப்ளினில் ஆசிரியர் பெயரில்லாமல் ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. ‘எ மாடஸ்ட் புரொபோசல்’ என்னும் அதை எழுதியவர் ஜோனதன் ஸ்விஃப்ட். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை ஒரு வயது நிறைந்ததும் செல்வந்தரின் சமையலறைக்கு விற்றுவிடலாம் என்பது அதில் சொல்லப்படும் திட்டம். பிறக்கும்போது 12 பவுண்டு எடையுள்ள குழந்தை ஓராண்டில் 28 பவுண்டுக்கு வளரும். கந்தல் துணி உட்பட வளர்ப்புச் செலவு ஆண்டுக்கு 2 ஷில்லிங். விலை 10 ஷில்லிங். தாய்க்கு நிகர இலாபம் 8 ஷில்லிங். மொத்தம் 1,20,000 குழந்தைகளில் 20,000 பேரை இனவிருத்திக்கு நிறுத்திக்கொண்டு மீதியை விற்கலாம். திட்டத்தைச் சொல்பவனின் குரலில் வெறியும் இல்லை, வெறுப்பும் இல்லை. நாட்டு நலனில் அக்கறையுள்ள பொருளாதார நிபுணனின் குரல் அது. மக்களை எண்ணிக்கையாகவும் விலையாகவும் மாற்றிக் காட்டிய ‘அரசியல் கணிதம்’ என்ற துறையை அதற்கு முந்தைய நூற்றாண்டில் வளர்த்தவர் வில்லியம் பெட்டி. அயர்லாந்தின் நிலங்களை அளந்து கணக்கெடுத்தவரும் அவரே. அந்தக் கணித நடையை ஸ்விஃப்ட் அப்படியே எடுத்துக்கொண்டார். நிலக்கிழார்கள் பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்டார்கள், பிள்ளைகளை விழுங்க அவர்களுக்கே முதல் உரிமை என்ற கசப்பு அந்தக் கணக்கின் அடியில் ஓடுகிறது.

அர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய சிறுகதையில் ஓமெலாஸ் என்ற நகரம் வருகிறது. விழாக்களும் இசையும் நிறைந்த அந்த நகரத்தின் இன்பம் முழுவதும் ஒரு நிலவறையில் அடைபட்ட ஒரே ஒரு குழந்தையின் துன்பத்தின்மேல் நிற்கிறது. குழந்தைக்கு ஏறத்தாழப் பத்து வயது. பார்த்தால் ஆறு வயதுபோல் இருக்கும். மூலையில் சாத்தியிருக்கும் துடைப்பங்களைக் கண்டு அது பயப்படுகிறது. நகரத்துப் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இந்த உண்மை சொல்லப்படுகிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அழுது, பிறகு பழகிக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் ஊரைவிட்டே போய்விடுகிறார்கள். குழந்தையை வெளியே தூக்கி வருபவர் எவரும் இல்லை. அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1891இல் எழுப்பிய ஒரு கேள்வியிலிருந்து லெ குவின் இந்தக் கருவை எடுத்தார். இக்கதைக்குக் கிடைத்த புகழ் நியாயமானதே. ஆனால், ஒரு குழந்தையின் பட்டினி எந்த வழியாக ஒரு நகரத்தின் செழிப்பாகிறது என்பதைக் கதை சொல்வதில்லை. கதைக்கு அந்த விளக்கம் தேவைப்படவும் இல்லை. அந்த இயந்திரத்தைத் திறந்து காட்டும் பொறுப்பை வேறு படைப்புகள் ஏற்றன.

இயந்திரத்தின் முதல் பல்சக்கரம் கடன். ஃப்ரெடரிக் போலும் சிரில் கார்ன்புளூத்தும் சேர்ந்து 1953இல் வெளியிட்ட ‘தி ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்’ நாவலில் விளம்பர நிறுவனங்களே உலகை ஆளுகின்றன. பெரிய விளம்பர அதிகாரி ஒருவன் தன் அடையாளத்தை இழந்து, கோஸ்டாரிகாவின் பாசிப் பண்ணை ஒன்றில் கூலியாளாக வந்து விழுகிறான். அங்கே விற்கும் தின்பண்டம் தாகத்தைக் கிளப்பும். அதைத் தணிக்கும் பானம் சிகரெட் ஆசையைக் கிளப்பும். சிகரெட் மறுபடி தின்பண்டத்தைக் கேட்கும். மூன்றும் பண்ணைக் கடையில் கடனுக்குக் கிடைக்கும். உழைக்க உழைக்கக் கடன் ஏறும். இந்த வலையை வடிவமைக்கத் தெரிந்த தொழிலைச் செய்தவனே அதில் சிக்குவது நாவலின் கூர்மையான இடம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களின் வரலாறு தெரிந்தவருக்கு இதில் புதுமை எதுவும் தோன்றாது. கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தொழிலாளியின் பெயரில் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ளும். ஆளோடு கடனும் கைமாறும். துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கடனையே முழுக் கதைக்களமாக்கியது 2021இல் வந்த கொரியத் தொடர் ‘ஸ்குவிட் கேம்’. இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹியுக். கழுத்துவரை கடனில் மூழ்கிய 456 பேர், தோற்றால் மரணம் என்ற சிறுபிள்ளை விளையாட்டுகளில் இறங்குகிறார்கள். ஆளுக்கு 10 கோடி வொன் என்று மொத்தப் பரிசு 4,560 கோடி வொன். முகமூடி அணிந்த செல்வந்தர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். தொடரின் மிக முக்கியமான நிகழ்ச்சி இரண்டாம் அத்தியாயத்தில் நடக்கிறது. முதல் விளையாட்டில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மிஞ்சிய 201 பேர் வாக்களிக்கிறார்கள். 101க்கு 100 என்று ஒரே வாக்கில் விளையாட்டு நிறுத்தப்பட்டு எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். பிறகு, அவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். வெளியே காத்திருப்பது வட்டிக்காரனும் தாயின் மருத்துவச் செலவும். கட்டாயமே இல்லாத இடத்தில் சம்மதம் எப்படி உற்பத்தியாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வெகுசனப் படைப்பு அரிது. நாயகனின் வேலையிழப்பு 2009இல் தென்கொரியாவின் சாங்யாங் கார் ஆலையில் 77 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை நினைவில் வைத்து எழுதப்பட்டது. இந்தத் தொடரை வெளியிட்ட அதே நிறுவனம் 2023இல் 456 பேரைக் கொண்டு ஒரு நிஜப் போட்டி நிகழ்ச்சியையும் நடத்தியது. கண்டனமாக எழுதப்பட்டது கேளிக்கையாக விற்கப்பட்ட இந்த நிகழ்வு, இவ்வகைப் புனைவின் மேலுள்ள கடுமையான விமர்சனம்.

கடன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதற்குப் பிறகு விற்க அவனிடம் மிஞ்சுவது உடம்பு. உடலுறுப்புகளைப் பற்றிய இரண்டு படைப்புகளில் இந்த மரபு தன் உச்சத்தைத் தொட்டிருக்கிறது.

முதலாவது, மஞ்சுளா பத்மநாபன் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஹார்வெஸ்ட்’ நாடகம். கிரேக்க நாட்டின் ஓனாசிஸ் அறக்கட்டளை நடத்திய உலக நாடகப் போட்டியில் 1997இல் முதற்பரிசு பெற்றது. கதை நடப்பது 2010இல், பம்பாயின் ஓர் ஒற்றை அறைக் குடியிருப்பில். வேலை போன எழுத்தர் ஓம், அவன் மனைவி ஜெயா, தாய், தம்பி ஜீது என்று நான்கு பேர். இன்டர்பிளான்டா என்ற நிறுவனம் ஓமைத் தேர்ந்தெடுக்கிறது. வீட்டிலிருந்தால் போதும், சம்பளம் வந்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று தாய்க்கு விளங்கவில்லை. வேண்டும்போது அவனுடைய உறுப்புகளை வெளிநாட்டுப் பணக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதே வேலை.

அடுத்து நடப்பதை நாடகம் மெதுவாக, ஒவ்வொரு பொருளாகக் காட்டுகிறது. காவலர்கள் வந்து அடுப்பைக் கழற்றிப் போகிறார்கள்; இனிமேல் உணவு, நிறுவனம் அனுப்பும் வண்ண வண்ண வில்லைகள்தான். அறையின் கூரையில் வெள்ளை உருண்டை ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். அது ஒளிர்ந்தால் ஜின்னி என்ற அழகிய வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் தோன்றும்; அவள் கண்ணுக்கு அறையில் எதுவும் தப்பாது. அக்கம்பக்கத்தாரோடு பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு அவள் அருவருத்து, அறைக்குள்ளேயே கழிப்பறையும் குளியலறையும் கட்டித்தருகிறாள். சளி பிடிக்கக் கூடாது, வெளியார் வரக் கூடாது. வீடு வசதியாகிறது, அதே வேகத்தில் பண்ணையும் ஆகிறது. நாளடைவில் தாய்க்குத் தொலைக்காட்சியே உலகமாகிவிடுகிறது. கடைசியில் உணவும் காட்சியும் தானாகக் கிடைக்கும் ஒரு படுக்கைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறாள். உறுப்பு தருபவன் மணமாகாதவனாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் ஓம் தன் மனைவியைத் தங்கை என்று எழுதிக்கொடுத்துவிட்டான். ஜெயா தன் வீட்டிலேயே கணவனின் தங்கையாக வேடம் போட வேண்டியிருக்கிறது.

காவலர்கள் ஒருநாள் ஆள் மாறித் தம்பி ஜீதுவைக் கொண்டுபோகிறார்கள். அஞ்சி ஒளியும் ஓம் வாய் திறப்பதில்லை. ஜீது கண்களை இழந்து திரும்புகிறான். ஜின்னி என்ற பெண்ணே இல்லை, வர்ஜில் என்ற முதிய அமெரிக்கன் கட்டிய உருவம் அவள் என்பது இறுதியில் வெளியாகிறது. ஜீதுவின் உடலைத் தனதாக்கிக்கொண்டு ஜெயாவின் முன் தோன்றும் வர்ஜில் அவள் கருப்பையையும் கேட்கிறான், அதுவும் நேரில் வராமலே. அந்த இடத்தில் ஜெயா பேரம் பேச மறுக்கிறாள். வேண்டுமானால் நீயே என் வாசலுக்கு வா, உன் உடம்பையும் ஆபத்தில் வை என்கிறாள். கதவைத் தாழிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளத் தயாராக நிற்கிறாள். சந்தையில் அவளுக்கு விலை உண்டு. ஆனால் அவள் உயிரோடு இருந்தால்தான் அந்த விலை. இதைக் கண்டுகொண்டவள் அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்தியே. கோவிந்த் நிஹலானி 2001இல் இந்நாடகத்தை ‘தேஹம்’ என்று திரைப்படமாக்கினார்.

இரண்டாவது படைப்பான கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ 2005இல் வந்தது. உறுப்புகளுக்காகவே படியெடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகள் ஹெயில்ஷாம் என்ற இங்கிலாந்து உறைவிடப் பள்ளியில் படிக்கிறார்கள். வளர்ந்ததும் சில காலம் மற்றவர்களைக் கவனிக்கும் பணி, பிறகு ஒவ்வோர் உறுப்பாகக் கொடுத்துச் சாவது. பெரும்பாலோர் நான்காவது அறுவையைத் தாண்டுவதில்லை. கதை சொல்லும் கேத்தி அமைதியாக, தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையோடும் பேசுகிறாள். எவரும் தப்பி ஓட முயல்வதில்லை. காதலர்களுக்குச் சில ஆண்டுகள் தவணை கிடைக்கும் என்ற வதந்தியே அவர்களுடைய உச்சபட்சக் கனவு. இதை நாவலின் குறையாகச் சொல்வோர் உண்டு. அதுவே அதன் பலம். சலுகை கேட்கப் பழக்கப்பட்டவருக்கு உரிமை என்ற எண்ணமே எழாது என்பதை வேறெந்த வழியிலும் இவ்வளவு வலிக்கும்படி சொல்லியிருக்க முடியாது. பள்ளியின் பழைய தலைமையாசிரியை எமிலி பின்னாளில் தரும் விளக்கம் பயனாளியின் மனத்தைத் திறக்கிறது: தீராத நோய்கள் தீரத் தொடங்கிய பிறகு எந்தச் சமூகமும் பழைய நிலைக்குத் திரும்பச் சம்மதிக்காது, உறுப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமலிருப்பதே அதற்கு எளிது.

இந்த இரண்டு படைப்புகளும் எதிர்காலத்தையும் மாற்று வரலாற்றையும் களமாகக் கொண்டாலும், உறுப்புச் சந்தை அவற்றுக்கு முன்பே சென்னையில் இருந்தது. மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980களில் பரவியதும், இரத்த உறவில்லாதவரின் சிறுநீரகமும் பயன்படத் தொடங்கியது. உடனே விலைக்கு வாங்குபவரும் தரகரும் தோன்றினர். சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற அவப்பெயர் ஏற்பட்டது அப்படித்தான். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இந்த வணிகத்தைத் தடைசெய்தது. உறவினர் அல்லாதவர், அன்பின் காரணமாகக் கொடுப்பதாக அனுமதிக் குழு ஏற்றுக்கொண்டால் கொடுக்கலாம் என்ற வழியை மட்டும் திறந்துவைத்தது. தரகர்கள் அந்த வழியாகவே நுழைந்தார்கள். முன்பின் பார்த்திராதவர்கள் தாளில் நெருங்கியவர்களானார்கள். ஜெயா தாளில் தங்கையானதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் எர்ணாவூர் மீள்குடியிருப்பில் மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வெளிவந்தது. 2025இலும் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைப் பயன்படுத்திச் சிறுநீரகம் பெறப்பட்டதாக எழுந்த புகார் அரசு விசாரணைக்குப் போனது.

ஓர் இடத்தில் புனைவு நிஜத்தைவிட இரக்கமுள்ளது. ‘ஹார்வெஸ்ட்’ குடும்பத்துக்கு இன்டர்பிளான்டா சொன்னபடி வசதி செய்து தருகிறது. சென்னையில் அதுவும் நடக்கவில்லை. சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் எடுக்கப்பட்ட ஆய்வு அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. சராசரியாக 1,410 டாலர் தருவதாகச் சொல்லப்பட்டு, கைக்கு வந்தது 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; 86 விழுக்காட்டினர் உடல்நிலை கெட்டதாகச் சொன்னார்கள். நான்கில் மூன்று பேர் ஆய்வு நடந்த நாளிலும் கடனாளிகளாகவே இருந்தார்கள். தங்களைப் போன்ற நிலையில் இருப்பவருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது, 79 விழுக்காட்டினர் விற்க வேண்டாம் என்றார்கள்.